சிங்கம் தின்ற பித்தளை

எங்கள் ஊரின் செப்புக் கொப்பரை வருஷத்தில் ஒரு நாள் தவிர மற்ற நாளெல்லாம் வாடகைக்குப் போகும். தார் காய்ச்சுகிறவர்கள் எடுப்பார்கள், சாயக்காரர்கள் எடுப்பார்கள். ஒருமுறை பீர் காய்ச்சும் விதவை ஒருத்தி எடுத்துப்போய், திருப்பித் தரும்போது வாங்கியதைவிடச் சுத்தமாகத் தந்தாள் என்று நகர மன்றத்தில் நன்றித் தீர்மானமே போட்டார்கள். அந்த ஒரு நாள், புனித வால்புர்கா திருநாளுக்கு மறுநாள், கொப்பரையைச் சந்தைத் திடலுக்குக் கொண்டுவந்து மூன்று கல்லின் மேல் ஏற்றி, தண்ணீர் நிரப்பி, அடியில் விறகு அடுக்கி வைப்பார்கள். தீ மூட்ட மாட்டார்கள். அது நாணயச்சாலைத் தலைவருக்குச் செய்யும் மரியாதை. அன்றைக்குத்தான் அவர் ஒரு வருஷமாய் அடித்த காசைச் சோதிக்க எங்களோடு காசு உடன்படிக்கை செய்துகொண்ட பக்கத்து நகரத்திலிருந்து ஆள் வருவான். காசு சரியாக இருந்தால் விறகைப் பிரித்து ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். குறைந்திருந்தால் ஏழைகளுக்கு விறகு கிடைக்காது.

என் ஆயுளில் அப்படிக் கிடைக்காமல் போனது ஒரே ஒரு முறைதான். எனக்கு அப்போது எட்டு வயது. அப்போதைய நாணயச்சாலைத் தலைவரைக் கயிற்றில் கட்டி, கொதிக்கிற கொப்பரைக்குள் காலிலிருந்து இறக்கினார்கள். செய்த பாவத்துக்கு வருந்த அவகாசம் வேண்டுமே என்று மன்றம் கருணை கூர்ந்து, மெதுவாக இறக்கச் சொல்லியிருந்தது. என் அப்பா என் கண்ணைப் பொத்தினார். காதைப் பொத்த அவருக்குத் தோன்றவில்லை.

நான் ராடெகே. எல்லர்விக் நாணயச்சாலைக்கு அச்சு வெட்டுகிறவன். இரும்புக் கட்டையின் முகத்தில் ஒரு பக்கம் சிலுவையும் ஒரு பக்கம் நகரத்தின் கப்பலும் இடம் வலம் மாற்றி வெட்டிக் கொடுப்பேன். நடுவில் வெள்ளி வில்லையை வைத்துச் சம்மட்டியால் ஒரு போடு போட்டால் விட்டன் என்கிற காசு பிறக்கும். வியர்வை சம்மட்டிக்காரனுக்கு, புகழ் நகரத்துக்கு, பயம் தலைவருக்கு. அந்தத் தலைவர் என் தங்கை வோபெகேயின் புருஷன் வோல்ராட்.

வோல்ராட் வேலை முடிந்து கை கழுவினால் அந்தத் தண்ணீரைக்கூடக் கீழே ஊற்ற மாட்டார். நகத்திடுக்கில் ஒட்டிய வெள்ளித்தூள் நகரத்துக்குச் சொந்தம் என்று தொட்டியில் சேர்த்து வைப்பார். நேர்மையானவர் என்றும் சொல்லலாம், பயந்தவர் என்றும் சொல்லலாம். அந்த வேலையில் பதினெட்டு வருஷம் இருந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடுகிறது.

சோதனை நாள் காலையில் அவரும் நானும் சந்தைத் திடல் வழியாக மன்றத்துக்கு நடந்தோம். வேறு வழி உண்டு, ஆனால் தலைவர் கொப்பரையைத் தாண்டித்தான் வரவேண்டும் என்பது வழக்கம். நான் வழக்கம்போல மீன்கடைப் பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தேன். அவரும் கொப்பரைப் பக்கம் திரும்பவில்லை.

"மச்சான், தண்ணி போன வருஷத்தைவிட அதிகமா ஊத்தியிருக்காங்க," என்றார்.

"நீங்கதான் பாக்கவே இல்லையே மாப்பிள்ளை."

"சத்தத்துலயே தெரியுது. நிறைஞ்ச பாத்திரம் காத்துக்கு வேற மாதிரி சத்தம் போடும்."



மன்றக் கூடத்தில் எங்களுக்காகக் காத்திருந்தவர் செகெபோடே. நாணயச்சாலைக்கு மேற்பார்வை செய்யும் மன்ற உறுப்பினர். ஒரு கதவைத் திறப்பதென்றாலும் அதைப் பற்றி நாலு வார்த்தை பேசாமல் திறக்க மாட்டார். அவருடைய தாத்தா கப்பல்துறையில் ஹெர்ரிங் மீனுக்குக் குடல் எடுத்தவர். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, சுத்தமாகவே எடுத்தார். ஆனால் பேரன் தலையெடுத்த பிறகு அந்தக் குடும்பத்துக்கு ஒரு சின்னம் வந்துவிட்டது. பின்னங்காலில் எழுந்து நிற்கும் சிங்கம். செகெபோடேயின் தொப்பியில் சிங்கம், மோதிரத்தில் சிங்கம், மாதா கோவிலில் அவர் உட்காரும் பலகையில் சிங்கம். எங்கள் கடற்கரையில் யாரும் சிங்கத்தைப் பார்த்ததில்லை என்பது அவருக்கு ஒரு வசதி.

சோதிக்க வந்தவர் கோட்ஷால்க். பக்கத்து நகரத்து மன்றத்தவர், ஒல்லியான மனிதர், தீராத ஜலதோஷம். பேச்சைவிட மூக்கைத் துடைப்பதே அதிகம். அவரோடு ஒரு எழுத்தரும், அவர்கள் ஊர் எடைக்கல் வைத்த மரப்பெட்டியும் வந்திருந்தன. மார்க் என்று நாங்கள் சொல்லும் அந்த எடைக்கு நூற்றெழுபது விட்டன் நிற்கவேண்டும் என்பது உடன்படிக்கை. ஒன்று கூடப் போட்டால்தான் நிற்கிறது என்றால் மன்னிப்பு உண்டு. அதற்கு மேல் போடவேண்டி வந்தால் கொப்பரை.

அடித்த காசிலிருந்து தினமும் ஒன்றிரண்டு எடுத்துப் போட்டு வைத்த பெட்டியை மூன்று பேர் மூன்று சாவி போட்டுத் திறந்தார்கள். செகெபோடே தன் சாவியைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். கோட்ஷால்க் முதலில் வெள்ளியின் மாற்றைப் பார்த்தார். உரைகல்லில் உரசினார், ஈயத்தோடு சேர்த்துப் புடம் போட்டார், மிச்சமான வெள்ளி மணியை நிறுத்தார். சரியாக இருந்தது. வோல்ராட் அப்போதுதான் மூச்சு விட்டார். அடுத்தது எடை. அது சடங்கு மாதிரி, மாற்று சரியாக இருந்தால் எடையில் யாரும் தவறு செய்வதில்லை.

கோட்ஷால்க் தன் கல்லை ஒரு தட்டில் வைத்தார். எழுத்தர் காசுகளை எண்ணி எண்ணி இன்னொரு தட்டில் போட்டார். நூற்றெழுபது. தராசின் முள் நகர்ந்து, காசுத் தட்டு மேலேயே நின்றது.

ஒன்று போட்டார். மேலேயே நின்றது.

இன்னொன்று. தட்டு கொஞ்சம் இறங்கி யோசித்தது.

மூன்றாவது விழுந்ததும் நேராக வந்து நின்றது.

கோட்ஷால்க் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மறுபடி எண்ணச் சொன்னார். வேறு காசு எடுத்து எண்ணச் சொன்னார். மூன்று முறையும் மூன்று காசுதான். எழுத்தர் இறகுப் பேனாவை மையில் தோய்க்கிற சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

வோல்ராட் சொன்னார்: "நகரத்தோட கல்லை வச்சுத்தாங்க நிறுத்தேன். நூத்தெழுபது நூத்தெழுபது வில்லையா எண்ணி. என் கைக்கு வேற கல்லு வந்ததே இல்லைங்க."

செகெபோடே ஒரு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"அப்ப நகரத்தோட கல்லு பொய் சொல்லுதுங்கற?"

அதற்கு ஆமாம் என்று சொன்னால் நாக்கு போகும்.

இரண்டு கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிறுத்தால் அரை நொடியில் தெரிந்துவிடும் என்று நீங்கள் நினைப்பீர்கள். எங்கள் உடன்படிக்கையில் அதற்கும் ஒரு வரி இருக்கிறது: ஒரு நகரத்தின் கல் இன்னொரு நகரத்தின் கல்லோடு ஒரே தராசில் ஏறக்கூடாது. எங்கள் தாத்தா காலத்தில் ஒருமுறை ஏறியதாம். யார் கல் சரி என்கிற சண்டையில் இரண்டு வருஷம் மீன் வியாபாரம் நின்றுபோனதாம். அதிலிருந்து எல்லா நகரத்துக் கல்லும் சரியான கல்தான். தவறுவது மனிதர்கள் மட்டுமே. கோட்ஷால்க்குக்கும் அது தெரியும். அவர் தன் கல்லை எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு, அது உங்கள் ஊர் விஷயம் என்று மட்டும் சொன்னார்.

செகெபோடே நகரத்தின் மானத்தைப் பற்றிப் பேசினார். நீளமாகப் பேசினார். அந்தப் பேச்சில் வோல்ராடின் பெயர் ஒருமுறைகூட வரவில்லை, "இந்தக் கை" என்றும் "இந்தப் பேராசை" என்றும்தான் வந்தது. மாலைப் பூசை மணிக்கு முன்னால் மன்றம் கூடித் தீர்ப்புச் சொல்லும் என்றார். இரண்டு காவலர்கள் வோல்ராடை மாடிப்படிக்குக் கீழே இருந்த மரக்கட்டை அறையில் வைத்துப் பூட்டினார்கள். போகும்போது அவர் என்னைப் பார்த்தார். கேட்பதற்கு ஏதோ இருக்கிற பார்வை.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கொப்பரைக்கு அடியில் புகை கிளம்பியிருந்தது. மன்றக் குமாஸ்தா கெட்டிக்காரர். அவ்வளவு தண்ணீர் கொதிக்க அரை நாள் ஆகும், தீர்ப்பு வந்த பிறகு மூட்டினால் நேரம் வீணாகும் என்று முன்கூட்டியே உத்தரவு கொடுத்திருந்தார்.

சோதனைக்காகக் கொண்டுவந்த அச்சுக்கட்டைகளை எடுத்துப்போக நான் கூடத்தின் மூலைக்குப் போனேன். அங்கே கண்ணாடிப் பேழைக்குள், வெல்வெட்டுத் துணியின் மேல், சோதனை நாளுக்காக நாணயச்சாலையிலிருந்து கொண்டுவந்த எங்கள் நகரத்தின் மார்க் எடைக்கல் இருந்தது. அதன் வயிற்றில் என் சிங்கம் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

எடுத்த அச்சுக்கட்டையை மறுபடி கீழே வைத்துவிட்டேன்.

போன வருஷத்துச் சோதனை முடிந்த கையோடு செகெபோடே என்னை வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார். மேஜை மேல் மார்க் எடைக்கல் இருந்தது. மொட்டையான பித்தளைக்கல். அதில் தன் சின்னத்தைப் பொறிக்கவேண்டும் என்றார். நான் மெல்லிய கோட்டில் கீறிக் கொண்டுபோனேன். திருப்பி அனுப்பினார். கொஞ்சம் ஆழமாக வெட்டினேன். மறுபடி திருப்பி அனுப்பினார். மூன்றாவது முறை என்னை நிற்க வைத்துச் சொன்னார்: "சிங்கம் படுத்துக்கிட்டுக் கிடக்குதே. எழுந்து நிக்கணும். கண்ணு தெரியாதவன் தடவினாக்கூட யார் வீட்டுச் சிங்கம்னு தெரியணும்." சிங்கம் எழுந்து நிற்கவேண்டும் என்றால் சுற்றியுள்ள பித்தளை கீழே போகவேண்டும். வெட்டி எடுத்தேன். பதினோரு நாள் வேலை. நான் பார்த்திராத மிருகம் என்பதால் ரொட்டிக்கடை நாயை மனதில் வைத்து வெட்டினேன். அவருக்குப் பிடித்துவிட்டது. கூலி அடுத்த வாரம் என்றார். அந்த வாரம் இன்னும் வரவில்லை.

பதினோரு நாளும் அது எனக்குச் சிங்கம். அது எடைக்கல் என்பது ஒருமுறைகூட மனதில் படவில்லை. இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் செதுக்கு வேலை செய்கிற எவனும் நம்புவான். உளி போகிற இடம்தான் உலகம்.

அன்றிலிருந்து வோல்ராட் எடை குறைந்த அந்தக் கல்லை நம்பிக் காசை நிறுத்திருக்கிறார். வெள்ளி கொண்டுவந்து விற்ற வியாபாரிகள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தன் வெள்ளி எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடவே நின்றால் எந்த வியாபாரி புகார் சொல்வான்?

கூடத்தை விட்டு வெளியே வந்தபோது எடைமண்டபக் கதவைப் பார்த்தேன். அதில் ஒரு காய்ந்த கை ஆணியடித்துத் தொங்குகிறது. நகரத்தின் கல்லை அரம் போட்டுத் தேய்த்தவனின் வலது கை. முப்பது வருஷமாகத் தொங்குகிறது. காற்றடித்தால் விரல்கள் கதவில் மெல்லத் தட்டும், உள்ளே வரலாமா என்று கேட்கிற மாதிரி. தினமும் பார்த்துப் பழகிய கைதான். அன்றைக்கு என் கையைப் போலவே இருந்தது.

வோபெகே என் பட்டறையில் உட்கார்ந்திருந்தாள். செய்தி அவளுக்கு எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. அழவில்லை. மடியில் ஒரு கருப்பு ரொட்டி இருந்தது, அதைத் துண்டு துண்டாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் சாப்பிடவில்லை. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிங்கம், பித்தளை, மூன்று காசு. சொல்லி முடித்து, நான் போய்ச் சொன்னால் என் கையை வெட்டுவார்கள் என்றும் சொன்னேன். சொல்லும்போதே எனக்குக் கேவலமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

அவள் ரொட்டியைப் பலகை மேல் வைத்தாள்.

"அண்ணே, ஒரு கை போனா சாப்பிட இன்னொரு கை இருக்கு உனக்கு. அவருக்கு இன்னொரு உடம்பு இருக்கா?"

"என் கை போனாலும் அவர் பிழைக்க மாட்டாரேம்மா. செகெபோடே ஒத்துக்குவானா? நான் எங்க ஆழமா வெட்டச் சொன்னேன், பெயிண்டு அடிக்கத்தான் சொன்னேன்னு சொல்லிடுவான். சாட்சி யாரு இருக்கா? கையும் போகும், மாப்பிள்ளையும் போவாரு."

"அவன் இல்லைன்னு சொல்றதுக்கு முந்தியே ஆமான்னு சொல்ல வச்சிடு."

"எப்படி?"

"அவனைப் பேச்சை நிறுத்த வைக்கறதுதான் கஷ்டம். பேச வைக்கறதுமா கஷ்டம்?"

பிறகு அவள் எழுந்து என் பலகைக்கு அடியில் கைவிட்டு, மெழுகு அடைத்த மாட்டுக்கொம்பு ஒன்றை எடுத்தாள். பித்தளை எங்கள் ஊரில் விளைவதில்லை. அதன் தூளை எந்தப் பட்டறையிலும் எறிய மாட்டார்கள், பாத்திரம் செய்யும் கன்னார் எடைக்கு வாங்கிக்கொள்வார்கள். நான் இரும்பு வெட்டுகிறவன். என் பட்டறைக்குப் பித்தளை வந்தது ஆயுளில் ஒரே ஒரு முறை. அந்தக் கொம்பில் இருந்த தூள் அந்தச் சிங்கத்தைச் சுற்றி இருந்த பித்தளை மட்டும்தான். கொம்பு உள்ளங்கையில் எடையே இல்லாத மாதிரி இருந்தது. ஒரு மனிதனின் உயிர் அவ்வளவுதான் போலும் என்று நினைத்தேன். பிறகு அந்த நினைப்பே செகெபோடே பேசுகிற மாதிரி இருந்ததால் விட்டுவிட்டேன்.

சந்தைத் திடலைத் தாண்டிப் போனபோது தண்ணீரில் ஆவி கிளம்பியிருந்தது. மக்கள் சேர ஆரம்பித்திருந்தார்கள். பட்டாணி விற்கிறவன் தள்ளுவண்டியை நல்ல இடமாகப் பார்த்து நிறுத்திக்கொண்டிருந்தான். ஒருவன் என்னைப் பார்த்து, உங்க மாப்பிள்ளைக்கு வெந்நீர் தயார், குளிக்க எப்ப வர்றாரு என்று கேட்டான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் கெட்டவன் இல்லை. பயந்தவர்கள் எல்லாரும் அன்றைக்கு ஏதோ ஒரு நகைச்சுவை சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.

மன்றத்தார் விருந்தாளியோடு சாப்பாட்டில் இருந்தார்கள். விலாங்கு மீன், வறுத்த வாத்து, பீர். நகரத்தின் மானம் போன நாள் என்பதால் வாத்து ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்களாம். நான் அச்சுக்கட்டைகளை எடுக்க வந்ததாகச் சொல்லி உள்ளே போனேன். கொம்பு சட்டைக்குள் இருந்தது. கோட்ஷால்க்கின் பெட்டி மேஜை ஓரத்தில் திறந்து கிடந்தது.

"ஐயா," என்றேன் கோட்ஷால்க்கைப் பார்த்து, "தப்பா நினைக்காதீங்க. உங்க ஊர்க் கல்லு மொட்டையா இருக்குதே."

அச்சு வெட்டுகிறவன் விருந்தாளியிடம் பேசக்கூடாது. காவலன் ஒருவன் ஓரடி முன்னால் வந்தான்.

செகெபோடே மட்டும் வாத்துக் காலை இறக்கி வைத்தார். அவர் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் பரவியது.

"ஏழை ஊரப்பா அது," என்றார். "எல்லாரும் நம்மள மாதிரி இருக்க முடியுமா?"

"அதைத்தாங்க சொல்றேன். நம்ம கல்லை இவங்க பாத்திருக்க மாட்டாங்க."

செகெபோடே பேழையைக் கொண்டுவரச் சொன்னார். கல்லை வெல்வெட்டோடு எடுத்து விருந்தாளி முன்னால் வைத்தார். கோட்ஷால்க் அதைத் தொடாமல் குனிந்து பார்த்தார். நல்ல சிங்கம் என்றார், நாய் மாதிரி இருக்கிறது என்று மரியாதைக்காகச் சொல்லவில்லை. பிறகு, ரொம்ப ஆழமாக வெட்டியிருக்கிறதே என்றார்.

"ஆழம் நான் சொன்னது," என்றார் செகெபோடே. "இந்த ஆளு பயந்தாங்கொள்ளி. மேலாப்புல கீறிட்டு வந்தான். மூணு தரம் திருப்பி அனுப்பினேன். சுத்தி இருக்கற பித்தளை எல்லாம் போனாலும் போகட்டும், சிங்கம் எழுந்து நிக்கணும்னேன். இந்த யோசனை யாருக்கும் வரல பாருங்க. எழுதிக்கோப்பா," என்று எழுத்தரைப் பார்த்துச் சொன்னார், "உங்க ஊர்லயும் தெரியட்டும்."

எழுத்தர் எழுதிக்கொண்டார். சொன்னதைச் சொன்னபடி எழுதுவதுதான் அவர் வேலை.

கோட்ஷால்க் மூக்கைத் துடைப்பதை நிறுத்தியிருந்தார். அவருடைய கண் கல்லிலிருந்து என் மீது வந்தது. நான் சட்டைக்குள் கைவிட்டுக் கொம்பை எடுத்தேன். மெழுகை வலது கை நகத்தால் பெயர்த்தேன். அந்த வலது கை என் சொல்லைக் கேட்பது அதுவே கடைசி முறையாக இருக்கலாம் என்று தோன்றியது.

தராசில் நகரத்துக் கல்லை நான் ஏற்றவில்லை. உடன்படிக்கையை மீறவில்லை. கோட்ஷால்க்கின் கல்லை அவர் எழுத்தர் ஒரு தட்டில் வைக்க, நூற்றெழுபது காசை மறு தட்டில் எண்ணிப் போட்டேன். தட்டு மேலேயே நின்றது. காசுகளின் மேல் கொம்பைக் கவிழ்த்தேன். மஞ்சள் தூள் வெள்ளைக் காசுகளின் இடுக்கில் இறங்கியது. தட்டும் இறங்கியது. முள் நடுவில் வந்து, ஒரு மயிரிழை தள்ளி நின்றது. அந்த மயிரிழை என் பட்டறைத் தரையில் எங்கோ கிடக்கும்.

வெளியே விறகு வெடிக்கிற சத்தம் கேட்டது.

"சிங்கம் நிறையத்தான் தின்னிருக்கு," என்றார் கோட்ஷால்க்.

செகெபோடேயின் முகம் முதலில் சிவந்தது, பிறகு வாத்துக்கொழுப்பு நிறத்துக்கு வந்தது. தான் பெயிண்டு அடிக்கத்தான் சொன்னதாகச் சொல்ல ஆரம்பித்தார். கோட்ஷால்க் எழுத்தரின் தாளை விரலால் தொட்டுக் காட்டினார். செகெபோடே அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. எங்கள் ஊரில் அப்படி ஒரு அமைதியை நான் முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

மன்றம் கதவைச் சாத்திக்கொண்டு கூடியது. என்னை மாடிப்படிக்குக் கீழே வோல்ராடோடு அடைத்தார்கள். நடந்ததைச் சொன்னேன். அவர் சந்தோஷப்படவில்லை.

"யாராவது ஒருத்தர் போயாகணும் மச்சான்," என்றார். "தண்ணி கொதிச்சிருச்சு. அவ்வளவு விறகு செலவு பண்ணிட்டு சும்மா விடமாட்டாங்க. மன்றத்து ஆளைப் போட முடியாது. நீயா நானான்னுதான் இப்ப பேசிட்டிருப்பாங்க."

பயத்தில் நானும் அதையேதான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நானாக இருக்கட்டும் என்று நினைக்க முயன்றேன். நினைப்பு பாதியில் நின்றுபோனது. அவரும் என்னைப் பார்க்கவில்லை. அவரும் அதே இடத்தில்தான் நின்றிருப்பார் என்று நினைக்கிறேன். இருவரும் மரக்கட்டைகளின் மேல் உட்கார்ந்து, என் கையை அவரும் அவர் கையை நானும் பிடித்துக்கொண்டு, கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தத்தை ஒவ்வொன்றாக எண்ணினோம்.

மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் கதவு திறந்தது. குமாஸ்தா தீர்ப்பை நின்றபடி படித்தார். நாணயத் தலைவர் குற்றமற்றவர். அச்சு வெட்டுகிறவன் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தவன், கை தப்பியது. மன்ற உறுப்பினர் செகெபோடே நல்ல நோக்கத்தோடு நடந்துகொண்டவர். நகரத்தை ஏமாற்றியது மார்க் எடைக்கல். அதற்கு உடந்தை, வெட்டிய உளி. இரண்டுக்கும் சட்டப்படி கொப்பரை.

முதலில் எனக்குப் புரியவில்லை. அவர் படித்து முடித்துத் தாளைச் சுருட்டியபோதுதான் புரிந்தது. சிரிக்கலாம் என்று பார்த்தேன். குமாஸ்தாவின் முகத்தைப் பார்த்ததும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கல்லைக் கயிற்றில் கட்டினார்கள். பாதிரியார் வந்திருந்தார். பித்தளைக்கு ஜெபம் உண்டா என்று அவர் மெதுவாகக் கேட்டார், யாரும் பதில் சொல்லவில்லை, அவர் எதற்கும் இருக்கட்டும் என்று சின்னதாக ஒன்று சொன்னார். சட்டம் மெதுவாக இறக்கச் சொல்வதால் மெதுவாகவே இறக்கினார்கள். சிங்கம் பின்னங்காலிலிருந்து உள்ளே போனது. என் உளியைப் பின்னாலேயே போட்டார்கள். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு கிளம்பியது. நிம்மதியா ஏமாற்றமா என்று தெரியவில்லை. பட்டாணிக்காரன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

கொதிக்கிற தண்ணீரில் கல் அடியைத் தொட்டுத் தொட்டு எழுந்தது. டொக், டொக் என்று செம்பில் தட்டியது. உள்ளே யாரோ இருந்துகொண்டு வெளியே விடச் சொல்கிற மாதிரி.

செகெபோடே எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கை என் தோள் மேல் விழுந்தது, வலது தோள். என் வலது கையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

"மொட்டைக் கல்லுதான் கல்லுக்கு அழகுன்னு நான் அப்பவே சொன்னேன், ஞாபகம் இருக்கா ராடெகே?"

"இருக்குங்க ஐயா," என்றேன்.

அவர் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனார். அந்த அழுத்தத்தில் அன்பு எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று இன்றுவரை எந்தத் தராசிலும் என்னால் நிறுக்க முடியவில்லை. பட்டறைக்கு யார் வந்து நின்றாலும் முதலில் அவர்களுடைய தொப்பியில் சிங்கம் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.

வோல்ராட் கொப்பரையிலிருந்து பத்தடி தள்ளி நின்றிருந்தார். வோபெகே அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவர் நகரவில்லை.

"மச்சான்," என்றார், "அந்தத் தட்டற சத்தம் எப்ப நிக்கும்?"

"தண்ணி வத்தினா நின்னுரும் மாப்பிள்ளை."

"தண்ணி எவ்வளவு இருக்குன்னு பாரேன்."

நான் மீன்கடைப் பக்கம் பார்த்துக்கொண்டு, கொஞ்சம்தான் இருக்கிறது என்றேன்.